முச்சந்தியில் தொங்கிய சிவப்புத் துண்டு

புவெர்த்தோ கலிஸ்தோ துறைமுக நகர விசாரணை அலுவலகத்தில், 2023 நவம்பர் 24 வெள்ளிக்கிழமை முற்பகல் பத்தேகால் மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாக வந்து ஆஜரான நபர், அரசு நியமித்த வழக்கறிஞர் உடனிருக்க, பதிவு அலுவலர் ஹசிந்தா ஒல்வேராவிடம் கூறியதாவது:

என் பெயர் எவரார்தோ செபேதா லூகோ. வயது ஐம்பத்து நான்கு. ஐஸ் தொழிற்சாலைக்குப் பின் தெருவில் பதினேழாம் எண் வீட்டில் மனைவி ஒதிலியாவுடன் குடியிருக்கிறேன். ஒரே மகள் யெசேனியா, கட்டிக்கொடுத்துவிட்டேன், குவாதலஹாராவில் இருக்கிறாள். தொழில், டாக்ஸி ஓட்டுவது. வண்டி எண் 41. எழுதப் படிக்கத் தெரியும். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு, முகம் மழித்துக்கொண்டு, என் காலால் நடந்துதான் வந்தேன்.

இம்மாதம் 13ஆம் தேதி கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்ற மூன்று வேன்களைக் கடத்தப் பார்த்ததாக இங்கே அடைத்து வைக்கப்பட்டிருக்கும் நிக்காசியோ பர்ராசா என்பவனை எனக்குத் தெரியும். முப்பது வருடப் பழக்கம். அவன் என் மகளுக்கு ஞானத் தகப்பன். அந்த வகையில் அவன் எனக்கு கொம்பாத்ரே, நான் அவனுக்கு கொம்பாத்ரே, என் மனைவி அவனுக்கு கொம்மாத்ரே. ஞானஸ்நானத்தில் மகளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து நேரில் ஒருவரை ஒருவர் "நீங்க" என்றுதான் பேசிக்கொள்கிறோம். இங்கே அவனை அவன் இவன் என்று சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மனதுக்குள் நான் எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

நோய்க்காலத்துக்கு முன்னால் எங்கள் துறைமுகத்துக்கு வாரம் ஐந்து கப்பல் வரும். என்னிடமும் அப்போது சொந்த வேன் இருந்தது. பிறகு பத்தொன்பது மாதம் ஒரு கப்பல்கூட வரவில்லை. நான் வேனை விற்றுவிட்டு டாக்ஸிக்கு வந்தேன். நிக்காசியோ விற்கவில்லை. அந்த வேனில் முட்டை ஏற்றினான், ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றினான், பிணம்கூட ஏற்றினான். எப்படியோ காப்பாற்றி வைத்துக்கொண்டான். அதன் பிறகு கப்பல் திரும்பி வந்தது, ஆனால் ஒன்றே ஒன்று. நார்தர்ன் கமேலியா, இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை. மற்ற கப்பல்காரர்கள் உங்கள் ஊரில் பாதுகாப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரியில்லைதான், நான் மறுக்கவில்லை. போன வருடம் சந்தைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, கப்பல் பாதுகாப்பு அதிகாரி அதைக் குறித்துக்கொண்டான். இந்தப் பிப்ரவரியில் துறைமுக வாசலிலேயே ஒரு கிழவரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள், அதையும் குறித்துக்கொண்டான். இன்னும் ஒன்று நடந்தால் இந்த ஊர் பட்டியலில் இருக்காது என்று கப்பலில் இருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதம் எங்கள் ஓட்டுநர் சங்க அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நான் அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கேள்விக்குப் பதில்: ஆமாம், துண்டு கட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதை வெளியே சொல்வதில்லை. இன்று சொல்கிறேன்.

பயணிகளை மலையில் இருக்கும் ரிங்கோன் என்ற பழைய சுரங்க ஊருக்கு அழைத்துப் போவோம். வழியில் முச்சந்தி வரும். அங்கே பஞ்சர் கடை இருக்கிறது. நேரே போனால் மலை. இடப்பக்கம் பிரிவது பழைய கடலோரச் சாலை, அது சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்கே திரும்பி வரும். கப்பல் நாளில் எங்களில் ஒருவன் விடியற்காலையிலேயே போய், வழிமறிக்கும் கும்பல் நிற்கிறதா என்று இரண்டு சாலையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பஞ்சர் கடையில் டயர் மாற்றுகிறவன் போல வண்டியை நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட வேண்டும். வெள்ளை என்றால் மேலே போகலாம். சிவப்பு என்றால் போகக் கூடாது, வந்த வழியிலும் திரும்பக் கூடாது, கடலோரச் சாலையில் இறங்கிவிட வேண்டும். போன் கிடையாது, ரேடியோ கிடையாது. அதையெல்லாம் ஒட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெனிக்னோ ரேடியோவில் ஒரு முறை பேசினான். அடுத்த வாரம் அவனைப் பாலத்துக்கு அடியில் பிணமாக எடுத்தோம். அதிலிருந்து காவல் இருந்தவன் பெயரை யாரும் எவரிடமும் சொல்வதில்லை. மனைவியிடம் கூடாது, பாதிரியாரிடம் கூடாது, உங்களிடமும் கூடாது. வேன் இல்லாத ஒன்பது டாக்ஸிக்காரர்கள் முந்தின நாள் காப்பி டப்பாவுக்குள் கைவிட்டு ஆளுக்கொரு பயறு எடுப்போம். எட்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. எடுத்ததைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். கறுப்பு யாருக்கு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

12ஆம் தேதி ஞாயிறு மதியம் தோன்யா சூசாவின் மீன் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடியிருந்தோம். அதற்கு முந்தின முறை வந்தபோது கப்பலின் சுற்றுலாப் பொறுப்பாளர் மிஸ் ஃபிலிப்பா, நிக்காசியோவுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்திருந்தாள். தங்க நூலில் கப்பல் பெயர் போட்டது. இந்தக் கடற்கரையிலேயே சிறந்த வழிகாட்டி என்று மேடையில் ஏற்றிக் கொடுத்தாளாம். அவன் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தோன்யா சூசா அவனுக்கு மட்டும் எலுமிச்சையில் ஊறிய இறால் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, முப்பது வருடமாகவே எரிகிறது.

கேள்விக்குப் பதில்: இல்லை, அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் விஷயமே. கெடுதல் செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவன் அவன். மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்தில் வழக்கப்படி முதல் ஆட்டம் என்னோடு ஆடினாள். இரண்டாவது ஆட்டம் அவனோடு. என்னோடு ஆடும்போது என் காலைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். அவனோடு ஆடும்போது வாய்விட்டுச் சிரித்தாள். போட்டோக்காரன் அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தான். அது பதினோரு வருடமாக என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே.

அன்று மீன் கடையில் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்திருப்பேன் போலிருக்கிறது. அவன் எழுந்து வந்து தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான்.

"என்ன கொம்பாத்ரே, இப்படி உம்முனு இருக்கீங்க? இது எனக்கென்னங்க, உங்க தலைக்குத்தான் அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. வெச்சுக்கங்க" என்றான்.

தொப்பி பெரிதாக இருந்து கண் வரை இறங்கிவிட்டது. கடையே சிரித்தது. "எவரார்தோ, உள்ள ஆள் இருக்கியாப்பா?" என்று எவனோ கத்தினான். நானும் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவன் கேலிக்காகச் செய்யவில்லை, நிஜமாகவே கொடுத்தான். அது எனக்கு அப்போதே தெரியும். அதன் பிறகு காப்பி டப்பா வந்தது. கைவிட்டு எடுத்தேன். கறுப்புப் பயறு.

13ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். மலைச் சாலையை ரிங்கோன் வரை ஓட்டிப் பார்த்தேன். கழுதை ஒன்று குறுக்கே வந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதன் பிறகு கடலோரச் சாலையையும் பார்த்திருக்க வேண்டும். அக்டோபர் புயலுக்குப் பிறகு அங்கே ஓடைப் பாலத்தின் ஓரம் அரித்துக்கொண்டிருந்தது, கட்டாயம் பார் என்று சங்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏழு மணியிலிருந்து அந்தத் தொப்பியைப் பற்றியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சர் கடைக்காரன் காப்பி கொடுத்தான். அது ஆறிப் போனதும் கீழே ஊற்றினேன்.

வெள்ளைத் துண்டு முதலிலேயே கட்டியாகிவிட்டது. ஒன்பதரைக்கு மேல் சாலையின் கீழ்க்கோடியில் வேன்கள் தெரிந்தன. முதலில் நிக்காசியோவின் வேன். நான் இறங்கி வெள்ளைத் துண்டை உருவிவிட்டுச் சிவப்புத் துண்டைக் கட்டினேன். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை, எந்தக் கும்பலும் எனக்கு ஒன்றும் தரவில்லை. அவன் ஒரே ஒரு நாள் சுற்றுலாவைக் கெடுத்துக்கொண்டு பாதியில் திரும்ப வேண்டும். மிஸ் ஃபிலிப்பா ஒரே ஒரு முறை அவனைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும். அதை நான் துறைமுக வாசலில் நின்று பார்க்க வேண்டும். ஆசைப்பட்டது அவ்வளவுதான். சட்டம் போட்ட அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆகட்டும் என்பார்களே, அந்த ஜாதி நான்.

நிக்காசியோ துண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வேகத்தைக்கூடக் குறைக்காமல், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி எனக்கு நன்றி சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினான். தலையில் அந்தத் தொப்பி இருந்தது. பின்னால் வந்த இரண்டு வேன்களும் அவனைப் பார்த்துத் திரும்பின. அவற்றை ஓட்டியவர்கள் துண்டைப் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னது உண்மைதான். முன்வண்டி எங்கே போகிறதோ அங்கே போவது வழக்கம், துண்டைப் பார்ப்பது முன்வண்டிக்காரன் வேலை. உடனே சிவப்பை எடுத்து இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு வெள்ளையைத் திரும்பக் கட்டினேன். பிறகு வண்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், ஆகவேதான் பிற்பகல் காவல் படை வந்து பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

நான் துறைமுகத்துக்குத் திரும்பி வாசலில் காத்திருந்தேன். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, வேன்கள் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் செய்தி வந்தது. ஓடைப் பாலத்தின் ஓரம் உடைந்து முதல் வேனின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. எழுபத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த இடத்தில் போன் எடுக்காது. முப்பத்தெட்டுப் பேர் வெயிலில் நின்றிருக்கிறார்கள். நிக்காசியோ தன் சட்டையைக் கிழித்து அந்த அம்மாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, தொப்பியை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, ஆறு கிலோமீட்டர் ஓடியே வந்து உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறான். இதைச் சொன்னவர்கள் எல்லோரும் அவன் ஓடியதைப் பற்றித்தான் சொன்னார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி எப்படிப் போயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்: இதிலும் இவனுக்குத்தான் பேரா என்று போயிற்று.

கப்பல் நாலரைக்குக் கிளம்ப வேண்டியது, ஏழு மணிக்குக் கிளம்பியது. மிஸ் ஃபிலிப்பா நிக்காசியோவைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, அழுதாள். அதன் பிறகு கப்பல் பாதுகாப்பு அதிகாரி, சாலையில் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறான். சிவப்புத் துண்டு பார்த்தேன், திரும்பினேன் என்று நிக்காசியோ சொல்லியிருக்கிறான். யார் கட்டியது என்ற கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. துண்டும் இல்லை, ஆபத்தும் இல்லை, ஆளில்லாத சாலையில் வெளிநாட்டுக்காரர்களை இறக்கியிருக்கிறான் என்று ஆயிற்று. அன்று சாயங்காலமே நீங்கள் அவனைப் பிடித்தீர்கள். 16ஆம் தேதி கப்பலிலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பருவத்தில் மிச்சமிருந்த பதினோரு வருகையும் ரத்து. வடக்கே வேறு துறைமுகத்துக்குப் போகப் போகிறார்களாம். தோன்யா சூசா கடையை வாரம் மூன்று நாள்தான் திறக்கிறாள். எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். இதெல்லாம் என் ஒரு துண்டால் நடந்தது.

கேள்விக்குப் பதில்: பதினோரு நாள் ஏன் வரவில்லை என்றால், பயந்துதான் வரவில்லை. அவன் எப்படியும் இரண்டு நாளில் என் பெயரைச் சொல்லிவிடுவான் என்று துணிமணியைப் பையில் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. நாள் ஆக ஆக, ஆளைக் காட்டிக்கொடுக்காதவன் என்று ஊரே அவன் புகழ் பாடத் தொடங்கியது. பெனிக்னோவின் விதவை சிறை வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். என் மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் அவன் படத்தை வைத்தாள். அந்தச் சிரிப்புப் படம்தான், என் மகளோடு ஆடுகிறானே அது. சுவரிலிருந்து இறங்கிச் சாமி அலமாரிக்கு ஏறிவிட்டது.

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒதிலியா சோள மாவில் இருபது தமாலே அவித்து என்னையும் இழுத்துக்கொண்டு சிறைக்கு வந்தாள். அவள் தட்டு வாங்கப் போன இடைவெளியில் அவன் கம்பிக்கு அருகே வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"கொம்பாத்ரே, மலைக்குப் போற பக்கமா போயிடாதீங்க. அவனுங்க உங்களத் தேடிக்கிட்டு இருப்பானுங்க" என்றான்.

"யாரு?" என்றேன்.

"எனக்கெப்படிங்க தெரியும்? நீங்க யாரப் பார்த்துச் சிவப்பு கட்டுனீங்களோ அவனுங்கதான். எத்தன பேருன்னுகூட எனக்குச் சொல்ல வேண்டாம். அன்னிக்கு நீங்க மட்டும் அங்க இல்லன்னா அந்த முப்பத்தெட்டுப் பேரும் என்ன ஆயிருப்பாங்களோ. நான் வாயத் தொறக்க மாட்டேன், நீங்க நிம்மதியா தூங்குங்க. ஆமா, தமாலேல மிளகாய கொம்மாத்ரே கொறச்சுட்டாங்களா?" என்றான்.

ஒதிலியா தட்டோடு வந்ததும் நான் கிளம்பி வந்துவிட்டேன். முப்பது வருடத்தில் என்னை வீரன் என்று நினைத்த ஒரே ஆள் அவன்தான். அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே கிடக்கிறான். அன்று நான் தூங்கவில்லை, அதன் பிறகும் தூங்கவில்லை. இருந்தாலும் உங்களிடம் வரவில்லை.

நேற்று மதியம் மகள் யெசேனியா போன் செய்தாள். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை, கடத்தல் குற்றம் நிலைத்தால் அவன் முப்பது வருடத்துக்குக் குறையாமல் உள்ளே இருப்பான், வெளியே வரும்போது உயிரோடு இருக்க மாட்டான் என்று வக்கீல் சொன்னதாக அழுதாள்.

"யாருக்காகவோ இப்படி வாயக் கட்டிக்கிட்டு சாகப் போறாரேப்பா. அந்த ஆள் யாருன்னாவது உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"அதெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். "நல்ல வேளை, உள்ள இருக்கிறது நீ இல்லப்பா. கோச்சுக்காத, நீயா இருந்திருந்தா மொத நாளே ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாப் போதும், ஊர்ல இருக்கிற அத்தன பேர் பேரையும் வரிசையா சொல்லியிருப்ப" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள். வேறு என்னென்னவோ பேசினாள், எனக்குக் காதில் விழவில்லை. போனை வைத்துவிட்டுச் சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு முடிவு செய்தேன்.

ஆகவே நான் நல்லவனாக மாறிவிட்டேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், அம்மணி. மனசாட்சி உறுத்தியது என்றும் போட வேண்டாம். உறுத்தியது, ஆனால் பதினோரு நாளும் உறுத்தியும் நான் வரவில்லையே. அவன் வெளியில் இருந்தாலும் என்னைவிட உசத்தி, உள்ளே இருந்தாலும் என்னைவிட உசத்தி என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுடைய அந்த இடமும் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

சிவப்புத் துண்டைக் கொண்டுவந்திருக்கிறேன், மேசை மேல் இருக்கிறது. இன்றே அவனை விட்டுவிடுங்கள். என் பெயரைச் சங்கத்தில் சொல்லிக்கொள்ளுங்கள், ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள், ஒதிலியாவிடம் நானே சொல்கிறேன். மகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு கோரிக்கை உண்டு, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வாக்குமூலத்தை நிக்காசியோவுக்குப் படித்துக் காட்டக் கூடாது. கேட்டால் அவன் நேரே என் கம்பிக்கு முன்னால் வந்து நின்று, "பரவாயில்ல கொம்பாத்ரே, விடுங்க" என்று சொல்லிவிடுவான். முப்பது வருடம் வேண்டுமானாலும் இருந்துவிடுகிறேன். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

மேலே எழுதியிருப்பதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். இரண்டு முறையும் நான் சொன்னபடியே இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, என் கையால், என் பேனாவால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எவரார்தோ செபேதா லூகோ

பதிவு அலுவலர் குறிப்பு: சட்டப்படி இந்த வாக்குமூலத்தின் நகல் குற்றம் சாட்டப்பட்ட நிக்காசியோ பர்ராசாவுக்கு வழங்கப்பட்டாக வேண்டும் என்பது மேற்படி நபருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. அவர் ஒப்பத்தைத் திரும்பப் பெறப் போவதில்லை என்றார். நகல் பகல் ஒன்று நாற்பதுக்கு வழங்கப்பட்டது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு மேற்படி நிக்காசியோ பர்ராசா, எவரார்தோ செபேதாவைப் பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பித்துள்ளார்.